விவாத இழை: வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த மருத்துவச் செயலி நல்லது?

தொடக்கக் கேள்வி | 2025 மார்ச் 2, சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அப்பாவுக்கு 79 வயது, அம்மாவுக்கு 73. பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ப்ராஸ்டேட் வீக்கம். மூன்றுக்கும் மூன்று மருத்துவர்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறேன். எல்லா அறிக்கைகளையும் ஒரு செயலியில் ஏற்றி, மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும்படி வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும் என்று நினைக்கிறேன். தமிழில் வேலை செய்யும் நல்ல செயலி எது? மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு தரும் ஆபா எண் எடுத்தால் எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிடுமா?

மார்ச் 2, இரவு 9.40

செயலிக்கு முன்னால் ஒரு கேள்வி, தம்பி. அப்பா தினமும் விழுங்கும் மாத்திரைகள் எவையெவை என்று உங்கள் வீட்டில் யாருக்காவது முழுமையாகத் தெரியுமா? மருத்துவர்கள் சீட்டில் எழுதியது ஒரு கணக்கு. வாய்க்குள் போவது வேறொரு கணக்காக இருக்கும். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கும்பகோணத்தில் 82 வயது அம்மாவோடு இருக்கிறேன். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போன வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆபா எண் எடுங்கள், நல்லதுதான். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண் அது. ஆனால் தானாக எதுவும் வந்து சேராது. அந்த வலையமைப்பில் இருக்கும் மருத்துவமனையோ பரிசோதனைக் கூடமோ அறிக்கையை அப்பாவின் எண்ணோடு இணைக்க வேண்டும். இன்னொரு மருத்துவர் அதைப் பார்க்க அப்பா ஒப்புதல் தர வேண்டும். கடைத்தெருவில் மாலையில் மட்டும் பார்க்கும் மருத்துவர் கையால் எழுதிய சீட்டு, நீங்களே படம் எடுத்து ஏற்றினால்தான் அங்கே போகும்.

மார்ச் 3, காலை

நேற்றுக் கேட்டதை ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் அதுதான் மனத்தில் ஓடியது.

2022 ஐப்பசியில் அம்மா ஓசூரில் என் சொந்தத் தம்பி வீட்டில் இருந்தார். சிறுநீர்த் தொற்று வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். மாத்திரைப் பட்டியல் நான்காம் பக்கத்தில் இருந்தது. அந்த மருத்துவமனைக்கு ஒரு செயலி உண்டு. பட்டியல் அதில் தானே ஏறியிருந்தது. காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும், ஒரு பெண் குரல் மருந்தின் பெயரைச் சொல்லும். தம்பி மனைவி ஒருவேளைகூடத் தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். கும்பகோணத்து மருத்துவர் எழுதி, அம்மா பையில் கொண்டுபோயிருந்த மாத்திரைகளையும் கொடுத்தாள். வருடக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரையை யார் நிறுத்துவார்கள்?

இரண்டு அட்டைகளிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். உள்ளே இருந்தது ஒரே சர்க்கரை மருந்துகள், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். நான்கு நாள் இரட்டை அளவு.

ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அம்மாவின் புடவை வியர்வையில் நனைந்திருந்தது. தன் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பெரியம்மா இறந்து இருபது வருடம் ஆகிறது. குளுக்கோமீட்டரில் 48. மருத்துவமனைக்கு ஓடினார்கள். தம்பி எனக்குத் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தம்பி மனைவியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னபடி செய்தாள். மணியும் வைத்தபடி அடித்தது. மருத்துவமனைக் கணினிக்குக் கும்பகோணத்துச் சீட்டு தெரியாது; கும்பகோணத்து மருத்துவருக்கு ஓசூர்ப் பட்டியல் தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது அம்மாவின் வயிறு மட்டும்தான். புதிய மாத்திரை சேர்க்க மூன்று பேர் இருந்தார்கள். பழையதை அடித்துவிட ஒருவரும் இல்லை. இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டு மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்த நான், அந்த நான்கு நாளும் ஒருமுறைகூட அவளிடம் பட்டியலை வாசிக்கச் சொல்லவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

அதனால்தான் தம்பி, பட்டியல் சரியில்லாமல் மணி வைக்காதீர்கள். தவறான பட்டியலை நேரம் தவறாமல் விழுங்க வைத்துவிடும்.

மார்ச் 3, மாலை

சேலத்திலிருந்து ஒருவர், “சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் சரியாகியிருக்குமே, மருத்துவமனைக்கு ஏன் ஓட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார். இதைக் கட்டாயம் படியுங்கள். 70க்குக் கீழே போனால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது சரி. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். மாத்திரை உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது! வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும்போது அது இன்னும் நீளும். ஒரு நாளாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் இருப்பது நல்லது. அம்மாவுக்கும் அன்று மதியம் மறுபடி 61க்கு வந்தது.

மார்ச் 5

பட்டியல் எப்படி எழுதுவது என்று சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருக்கிறார். என் வழி இது.

ஊரில் இருக்கும் யாராவது ஒருவர், அப்பாவின் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாம்பாளத்தில் கொட்ட வேண்டும். டப்பா, பிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, சட்டைப் பை, தலையணைக்கு அடியில் என்று ஓர் இடம் விடக் கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்துப் பொடி, தூக்கத்துக்கு யாரோ கொடுத்தது, எல்லாம் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது என்று தமிழில் எழுதுங்கள். “எதற்காக” என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இல்லாத மாத்திரை ஒன்றாவது தேறும். அதை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். வட்டம் போட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

அட்டையில் மூலப்பெயர் பொடி எழுத்தில் இருக்கும். எல்லா அட்டையிலும் கியூஆர் குறி இருக்கிறது, கைப்பேசியால் படம் பிடித்தால் பெயர் பெரிதாக வரும். கடைசி வரியில், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் எண்ணும் அது எடுத்த தேதியும் கட்டாயம். மெட்ஃபார்மின் அளவே அதைப் பொறுத்தது; அதை வைத்துக் கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் எண் (eGFR) 45க்குக் கீழே வந்தால் மாத்திரையைக் குறைக்க யோசிப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள்.

காகிதத்தில் எழுதுங்கள். கைப்பேசி வேண்டாம்.

மார்ச் 6

திருத்தம். “எல்லா அட்டையிலும் கியூஆர்” என்று நேற்று எழுதியது தவறு. 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயமானது பட்டியலிட்ட 300 வணிகப் பெயர் மருந்துகளுக்கு மட்டும். போலி மருந்தைப் பிடிக்க வந்த ஏற்பாடு அது. மூலப்பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் வரும் என்பதால் கண் மங்கிய நமக்கும் உதவுகிறது. இன்று அம்மாவின் ஏழு அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றில்தான் இருந்தது. அதில் ஒன்றில் கடைக்காரர் கத்தரித்த இடத்தோடு குறியும் பாதி போய்விட்டது. பத்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள், காலாவதித் தேதி இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள்.

மார்ச் 8

தம்பி ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார். புளூடூத் இணைப்புள்ள ரத்த அழுத்தக் கருவி வாங்கிக் கொடுத்து, இரண்டு மாத அளவுகள் சிங்கப்பூரில் அவர் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. எல்லாப் புள்ளியும் பச்சைக் கோட்டுக்குள். அதே செய்தியின் கடைசி வரியில், அப்பா போன வாரம் இரவு சிறுநீர் கழிக்க எழுந்தபோது விழுந்துவிட்டார், தூக்கக் கலக்கம், நெற்றியில் இரண்டு தையல் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

உட்கார்ந்து எடுத்த அளவுகள் மட்டும்தான் அந்தப் படத்தில் இருக்கின்றன. விழுந்தது நின்றபோது. ப்ராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். அதோடு ரத்த அழுத்த மாத்திரையும் இரவிலேயே சாப்பிடுகிறார் என்று நீங்கள் அனுப்பிய பட்டியல் சொல்கிறது. நாளைக் காலை அம்மாவிடம் சொல்லி இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அப்பா ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும், ஓர் அளவு. எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் ஓர் அளவு, மூன்று நிமிடத்தில் இன்னோர் அளவு. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பட்டியைச் சட்டைக் கைமேல் சுற்றக் கூடாது, வெறும் கையில், நெஞ்சு உயரத்தில்.

மார்ச் 9

காலையில் அடுத்த வீட்டுத் திண்ணையில், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலப் பெண் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். பாட்டிக்கு அளவெடுத்தார், எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்தார், மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். கிளம்பும் முன் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “பாட்டி, போன மாத அட்டையில் இன்னும் ஆறு இருக்கிறதே?” பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக வந்தது: ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை. விரத நாளில் மாத்திரை கிடையாது.

மூன்று வருடமாக அந்தப் பாட்டியோடு பேசுகிறேன், எனக்கு இது தெரியாது. செயலியில் “கொடுத்தாயிற்று” என்ற கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. அந்தப் பெண் அட்டையைப் புரட்டிப் பார்த்தாரே, அங்கேதான் உயிர் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். வீடு வீடாக மாத்திரை கொண்டுபோவதா என்று எங்களில் பலர் சந்தேகப்பட்டோம். நானும்தான். மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் வாசலுக்கு வருகின்றன. என் சந்தேகம் தவறு. பட்டுக்கோட்டையில் உங்கள் தெருவுக்கு வருபவர் யாரென்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், தம்பி. அவரிடம் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

மார்ச் 11

தம்பியின் செய்தியை அப்படியே போடுகிறேன்: “அக்கா, படுத்திருந்தபோது 138/82. நின்று ஒரு நிமிடத்தில் 112/70. அப்பா, லேசாகக் கிறுகிறுக்கிறது, இது எப்போதும் இருப்பதுதானே என்கிறார்.”

26 இறக்கம். எப்போதும் இருப்பதுதானே என்று அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இன்றே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை இரவில் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகு எழட்டும், சிறுநீர்க் குவளை கட்டிலருகே இருக்கட்டும், குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மார்ச் 16

“கைப்பேசி வேண்டாம், காகிதம்தான்” என்று 5ஆம் தேதி எழுதினேன். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண், அது பிடிவாதம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி.

போன மார்கழியில் இரவு பதினொன்றரைக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. 108 வந்து, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட்டோம். நான் அழகாக எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட பட்டியல் சமையலறை அலமாரியில் இருந்தது. அந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா?” எனக்குத் தெரியும், ஆனால் அந்த நிமிடத்தில் அளவு நாக்கில் வரவில்லை. என் பேத்தி எப்போதோ விளையாட்டாக அந்தப் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அதுதான் காப்பாற்றியது.

அதனால் இப்போது இப்படிச் சொல்கிறேன். எழுதுவது காகிதத்தில், ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் படிக்கவும் அடிக்கவும் முடிய வேண்டும். மாறும்போதெல்லாம் அதைப் படம் எடுத்து, வீட்டில் இருப்பவர் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் மூலையில் தேதி இல்லாத பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். பல கைப்பேசிகளில் பூட்டைத் திறக்காமலே அவசர மருத்துவத் தகவலைப் பார்க்கும்படி வைக்கும் வசதியும் இருக்கிறது. அதில் ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சர்க்கரை மருந்து இந்த மூன்றையாவது எழுதி வையுங்கள்.

மார்ச் 22

ஓ.டி.பி. பெரியவர் கைக்கு வராமல் பிள்ளைகள் கைப்பேசிக்குப் போய்விடுகிறது என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

அம்மாவின் ஆதாரில் இருந்தது ஓசூரில் இருக்கும் என் தம்பியின் எண். ஆபா எண் எடுக்கப் போனால் ஓ.டி.பி. ஓசூருக்குப் போனது. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து அந்த ஆறு எண்களைச் சொல்வான், அதற்குள் காலாவதியாகியிருக்கும். இரண்டு நாள் இப்படியே போனது. அம்மாவின் உடம்பு கும்பகோணத்தில், அம்மாவின் சாவி ஓசூரில். மூன்றாம் நாள் அம்மாவை ஆட்டோவில் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் எண்ணை மாற்றினேன். இப்போது அம்மாவிடம் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி இருக்கிறது. குறுஞ்செய்தி வரும் சத்தம் கேட்டால், “எனக்குத்தான் வந்திருக்கிறது, நான் பார்க்கிறேன்” என்று எடுத்துக்கொண்டு வருகிறார். அந்த “எனக்குத்தான்” என்ற சொல்லைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

2021இல் தடுப்பூசிப் பதிவு நினைவிருக்கிறதா? மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். கோவின் தளம் முதல் சில மாதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஓர் எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பதால், எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவனின் எண்ணில் நான்கு பாட்டிகள் இருந்தார்கள். பிள்ளை பொறுமையாக எல்லாருக்கும் பதிந்து கொடுத்தான். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு, சான்றிதழ் கேட்டு நான்கு பாட்டிகளும் அவனைத் தேடினார்கள்.

வயதானவர் உடம்புக்கு ஏற்றபடி கருவியை மாற்ற முடியும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் மின்னணு முறைக்கு வந்தது. விரல் வைக்க வேண்டும். அம்மாவின் விரல் ரேகை தேய்ந்து பல காலம் ஆகிறது. எட்டு விரல் வைத்தும் கருவி ஏற்காது. 2021 நவம்பரில் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை வந்தது. இப்போது வீட்டுத் திண்ணையிலேயே முடிகிறது. முதல் முறை அம்மா தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டுதான் முகத்தைக் காட்டினார்.

மார்ச் 23

விழுந்தால் தெரிவிக்கும் கைக்கடிகாரம் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறார். வெளியே நடப்பவருக்குப் பயன்படும். ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த கடிகாரத்தில், 55 வயதுக்கு மேல் என்று பதிந்தால் அந்த வசதி தானே இயங்கும். ஆனால் சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிவதை இப்படிப்பட்ட கருவி தவறவிடலாம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் நம் ஆட்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். முதலில் குளியலறையில் கைப்பிடிக் கம்பி. பிறகு கடிகாரம்.

ஏப்ரல் 3

காணொளி மருத்துவம். 2020 ஏப்ரலில் அரசின் இ-சஞ்சீவனி இணையவழிப் புறநோயாளர் சேவை தொடங்கியதும் அம்மாவுக்கு நான்தான் பேசினேன். அம்மாவுக்குக் காது மந்தம். மருத்துவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். ஏழு நிமிடத்தில் முடிந்தது, சீட்டும் வந்துவிட்டது. அம்மா கேட்டார்: “உனக்கு உடம்பு சரியில்லையா? அந்த டாக்டர் உன்னையேதானே பார்த்துக்கொண்டிருந்தார்.”

அடுத்த முறை காதில் மாட்டும் ஒலிக்கருவியை அம்மாவுக்குப் போட்டு, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். மருத்துவரிடம் முதலிலேயே, “அம்மாவிடமே கேளுங்கள், கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள்” என்று சொன்னேன். அன்றுதான் கால் எரிச்சல் ஆறு மாதமாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். நான் பதில் சொல்லியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

ஏப்ரல் 10

மதுரையிலிருந்து ஒருவர், தன் அத்தைக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள், செயலியில் “10 யூனிட்” என்று குறித்திருக்கிறேன் என்கிறார். எந்த ஊசியில் என்று குறித்தீர்களா? நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான ஊசிக்கு மூடி சிவப்பு, 100க்கானதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் பத்துக் கோடு எடுத்தால் உடம்பில் ஏறுவது 25 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் பத்துக் கோடு எடுத்தால் 4 யூனிட்தான். பட்டியலில் மூடியின் நிறத்தையும் எழுதுங்கள். இந்த இழையில் நான் எழுதியதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏப்ரல் 20

“நீங்கள் கணினிக்கே எதிரியா?” என்று ஒருவர் கேட்டதற்குப் பதில். இல்லவே இல்லை. ஓசூர் மருத்துவமனைக் கணினி, கும்பகோணத்துச் சீட்டையும் பார்த்திருந்தால் ஒரு நொடியில் “இரண்டும் ஒன்று” என்று சொல்லியிருக்கும். மனிதர்களால் அவ்வளவு வேகமாக முடியாது. முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியலை அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் தொகுத்தார். பிறகு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது, 2023இலும் புதுப்பித்தது. நீண்ட நேரம் நிற்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது அது. இப்படிப்பட்ட பட்டியலை மருந்து எழுதும் மென்பொருளில் வைத்தால், 80 வயதுக்காரருக்கு எழுதும் நொடியிலேயே எச்சரிக்க முடியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் எச்சரித்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கடைசி இரண்டு வருடம் நான் வேலை செய்த இடத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. ஒரு சீட்டுக்கு ஐந்தாறு சிவப்புப் பெட்டி வரும். மூன்றாம் மாதம் எல்லார் விரலும் தானாகவே “சரி”யைத் தட்டப் பழகிவிட்டது. என் விரலும். எச்சரிக்கை குறைவாக, கனமாக இருக்க வேண்டும். கூடவே, எல்லா மருந்தையும் ஒன்றாக வைத்து, எதை நிறுத்தலாம் என்று பார்க்கும் மருத்துவர் வேண்டும்.

அந்த மருத்துவர் நமக்குப் புதியவரல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் வி.எஸ். நடராசன். கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து அது தூரம்தான். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு எந்தக் கிழமை என்று கேளுங்கள், 104க்கு அழைத்தும் கேட்கலாம். போகும்போது தாம்பாளத்தில் கொட்டிய எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மே 4

தம்பி ஊருக்கு வந்திருக்கிறார். நேற்று அப்பாவை அழைத்துப் போய் ஒரே மருத்துவரிடம் முழுப் பட்டியலையும் காட்டியிருக்கிறார். 11 மாத்திரைகளில் மூன்றை நிறுத்தச் சொன்னாராம். ஒன்று 2019இல் இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதிய வயிற்றுப் புண் மாத்திரை. ரத்த அழுத்த மாத்திரையைக் காலைக்கு மாற்றி அளவைக் குறைத்திருக்கிறார்கள். நின்று எடுத்த அளவு இன்று 128/76. படுத்தபோது 136. விழுந்தது அதற்குப் பிறகு இல்லை.

பட்டியலில் அடித்துவிட்ட மூன்று மாத்திரைகளின் மிச்ச அட்டைகளை என்ன செய்வது என்று கேட்கிறார். வீட்டில் வைக்காதீர்கள். அம்மா, “காசு கொடுத்து வாங்கியது” என்று எடுத்து வைப்பார், வைக்கவிடாதீர்கள். செயலியிலும் அந்த மூன்றின் மணியை இப்போதே நீக்குங்கள், சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கிரியேட்டினின் வியாழக்கிழமை எடுக்கிறார்களாம். எண் வந்ததும் இங்கே போடுங்கள், தம்பி. மெட்ஃபார்மின் அளவை மருத்துவரிடம் கேட்பதற்கு அது வேண்டும்.